ஈயத்தில் இரண்டு உண்டு

ஈயச் சொம்பில் வைத்தால்தான் ரசம் மணக்கும் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சொம்பு சுத்தமான வெள்ளீயமானால் பயமில்லை. ஆனால் காரீயம் என்று இன்னொன்று இருக்கிறதே, அது வேறு உலோகம். குழந்தை உள்ள வீட்டை அது எட்டிக்கூடப் பார்க்கலாகாது. ஏன் தெரியுமா?

பிறந்த குழந்தையின் மூளை, எடையில் நம்முடையதில் ஏறக்குறைய கால் பங்குதான். ஐந்தாறு வயதுக்குள் பத்தில் ஒன்பது பங்காகி விடுகிறது. மூளை அணுக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அப்படியானால் வளருவது எது? முக்கியமாக, அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே உண்டாகும் தொடர்புகள்தான். நீங்கள் தாலாட்டும்போதும், நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போதும் அந்தத் தொடர்புகளுக்கு வேலை கிடைக்கிறது. மூளை முதலில் தேவைக்கு அதிகமாகவே பின்னிக் கொள்ளும். பிறகு, நெருங்கி முளைத்த கீரைப் பாத்தியைக் களைவது போல், பயன்படாதவற்றைக் கழித்து விடும். எலிக்கும் பூனைக்கும் குரங்குக்கும் இப்படித்தான். மனிதக் குழந்தைக்கு மட்டும் இந்த வேலை முடிய இருபது வயதுக்கு மேல் ஆகிறது.

எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்கான சமிக்ஞைகளில் சுண்ணாம்புச் சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காரீயம் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து விடுகிறது! வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர்களைப் போல் நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக் கொள்ளும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய பாட்டரிகளை உருக்கிக் காரீயம் பிரிக்கும் தொழில் அங்கே உண்டு. இத்தகைய தொழிலில் காரீயத் தூசி சட்டையிலும் செருப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடும். ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்?

ஆலைப் பக்கம் இல்லாதவர்களும் அலட்சியமாயிருக்க வேண்டாம். சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2009-ல் வெளியாயிற்று. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அளவு கூடக்கூடப் படபடப்பும் கவனக் குறைவும் கூடின. 5 இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்று 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. தீங்கில்லாத அளவு என்று ஒன்று கிடையாது.

நாம் செய்யக்கூடியது என்ன? காரீய வேலை செய்பவர் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். அந்த உடைகளைத் தனியே துவையுங்கள். தரையைப் பெருக்கித் தூசி கிளப்பாமல், ஈரத் துணியால் துடையுங்கள். உதிரும் பழைய பெயிண்டைக் குழந்தைக்கு எட்ட விடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் அதன் கையைக் கழுவுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். ஆகவே கேழ்வரகும் முருங்கைக் கீரையும் அடிக்கடி சமையுங்கள். ஈயச் சொம்பை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். காரீயக் கலப்பிருந்தால் புளியில் கரைந்து ரசத்தோடு வரும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ரத்தத்தில் ஏறிய காரீயத்தை இறக்க மருந்து உண்டு. ஆனால் மூளை இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. வராமல் காப்பதுதான் வைத்தியம்.