கூழுக்கு ஓர் இடம்

மனம் சோர்ந்தபோதும் உடல் தளர்ந்தபோதும் மனிதன் நாடுவது விருந்தன்று. இளமையிற் பழகிய எளிய உணவே. அமெரிக்காவின் தென்மாநிலத்தார்க்கு அது மக்காச்சோள நொய்க் கஞ்சி. அந்நாட்டுத் தொல்குடிகளிடமிருந்து பெற்ற அக்கஞ்சியிற் பாற்கட்டியும் வெண்ணெயும் முட்டையும் கலந்து, ரொட்டி சுடும் அடுப்பிலிட்டுப் பொன்னிறமாக எடுத்துச் சுற்றத்தாருடன் உண்பர். அடிமைகளும் ஏழைகளும் உண்டு உயிர்வாழ்ந்த அவ்வுணவை, ஜார்ஜியா மாநிலம் 2002-ஆம் ஆண்டிலே தனக்குரிய உணவாகச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது.

நமக்கு அத்தகையது எது? சம்பந்தர் பாடல் பெற்ற இரும்பையிலும், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்களிலும் வினவின், கூழ் என்பதே விடையாம். கேழ்வரகு மாவை முதல்நாள் நீரிற் கரைத்துப் புளிக்கவைப்பர். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, அதிலே அம்மாவை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பினாற் கிண்டி இறக்குவர். ஆறியபின் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்தால், வெயிலில் உழைத்தவன் நெஞ்சு குளிரும். ஆடித் திங்களில் மாரியம்மன் கோயில்களில் ஊரார்க்கெல்லாம் வார்க்கப்படுவதும் இதுவே.

ஆயினும் கல்லூரியிற் பயிலும் நாம் இதன் பெயரைச் சொல்லவும் கூசுகின்றோம். ஓட்ஸ் கஞ்சியை நாகரிகம் என்போம். கூழை வறுமை என்போம். நம் முன்னோரிற் பலர் நெற்சோற்றுக்கு வழியின்றிக் கூழ் குடித்தவர்; தம் மக்களேனும் சோறுண்ண வேண்டுமென்று பாடுபட்டவர். அவர்தம் துயரை நாம் எளிதாக எண்ணலாகாது. எனினும், குறை வறுமையினதேயன்றிக் கூழினது அன்று. 'கூழானாலும் குளித்துக் குடி' என்னும் பழமொழி, எளிய உணவையும் மானத்தையும் ஒருங்கே வைத்துப் போற்றுகின்றதன்றோ?

நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் உள்ளதோ அதனிற் சிறு பங்கே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. அதன்பின் நகரக் கடைகளில் இத்தானியங்கள் அழகிய உறைகளில் விலையேறி நிற்கின்றன. அயலார் புகழ்ந்த பின்னரே நம் பொருளை நாம் மதிப்பது தகுமோ?

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. நமது விடுதியில் வாரத்திற்கு ஒரு காலையேனும் கூழ் வார்க்கப்படுக. உடன் மோர்மிளகாயும் துவையலும் வைக்கப்படுக. கேழ்வரகும் கம்பும் அண்டையூர் உழவரிடம் நேரே வாங்கப்படுக. வீட்டிற் கூழ் குடித்து வளர்ந்த மாணவன் ஒருவன் அதனை மறையாது சொல்லக்கூடிய இடமாக நமது உணவுக்கூடம் விளங்குமாயின், அதுவும் கல்வியின் பயனே ஆகும்.