நீல மூடி டேங்க் காலியா? புகைச் சோதனைக்குத் தெரியாது!

அரியலூர் கல்லங்குறிச்சி பக்கம் போனால் சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகளைப் பார்க்காமல் வர முடியாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 லாரி என்றால், டீசல் டேங்க் பக்கத்தில் பெரும்பாலும் நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்றும் இருக்கும்.

அதில் ஊற்றுவது 32.5% யூரியா கலந்த சுத்த நீர். சூடான புகையில் இதைத் தெளித்தால் அம்மோனியா உருவாகும். அது வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

இந்தச் செலவை மிச்சம் பிடிக்க, சென்சாரை ஏமாற்றும் கருவியைப் பொருத்துபவர்களும் உண்டு. வழக்கமான டீசல் புகைச் சோதனையோ கரும்புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. அப்புறம் எப்படி மாட்டுவார்கள்?

நைட்ரஜன் ஆக்சைடையும் அளந்த பிறகே சான்றிதழ் தர வேண்டும். ஏனென்றால், லாரிக்காரர் மிச்சம் பிடிக்கும் காசுக்கு விலை கொடுப்பது ரோட்டோரம் குடியிருப்பவரின் நுரையீரல்.