ஓடைக்கும் ஒரு பங்கு உண்டு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மோனோ என்ற உப்பு ஏரி உள்ளது. அதில் கலக்கும் ஓடைகளின் நீரை, லாஸ் ஏஞ்சலஸ் நகரம் சட்டப்படி உரிமை பெற்று 1941ம் ஆண்டிலிருந்து தன்பக்கம் திருப்பியது. ஓடைகள் வறண்டன, 1982ம் ஆண்டிற்குள் ஏரி ஏறத்தாழ 45 அடி தாழ்ந்தது.

1983ம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம், இத்தகைய நீர்நிலைகள் மக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டவை, ஆகவே வழங்கிய உரிமையையும் மறுபரிசீலனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. 1994ம் ஆண்டு மாநில நீர் வாரியம், ஓடைகளில் ஓடவேண்டிய நீரின் அளவை வரையறுத்தது. ஏரிக்கு 6,392 அடி உயரத்தை இலக்காக வைத்தது. 30 ஆண்டுகள் கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. உயிர்கள் மடிந்தபின் வரும் நீதி அவ்வளவு மெதுவாகவே வேலை செய்கிறது.

நகர மக்களின் தாகமும் உண்மையானதே. குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015ம் ஆண்டு சொன்ன திருத்தந்தை பிரான்சிஸ், ஒவ்வோர் உயிரும் தன்னிலே மதிப்புள்ளது என்றும் அதே திருமடலில் சொன்னார்.

கடலில் கலக்கும் நீர் வீண் என்று நாமும் பேசுகிறோம். வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் அறுக்காமல் விடச் சொல்கிறது லேவியர் நூல். ஆற்றையும் ஒட்ட அறுக்காமல் விட நாம் கற்றுக்கொள்வோமா?