ஒரே நாளில் ஒரு சட்டம்

ஆன்லைன் ரம்மி ஒழிய வேண்டும் என்பதில் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இரண்டு கருத்து கிடையாது. சம்பளத்தைப் போனிலேயே தொலைத்த பையன்களையும், சீட்டுப் பணத்தை விட்டுவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் தவித்தவர்களையும் பார்த்துவிட்டோம். ஆகவே 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் மொத்தமாகத் தடை செய்தபோது எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்தச் சட்டம் வந்த விதத்தை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் மசோதா அறிமுகமானது. அன்றைக்கே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அமளிக்கு நடுவே, விவாதம் இல்லாமல், இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பு.

சட்டம் இயற்ற முறை ஒன்று இருக்கிறதே ஐயா! முதல் வாசிப்பில் அறிமுகம். இரண்டாவதில் மசோதாவின் நோக்கத்தை அலசி, ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தம் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் மூன்றாவது வாசிப்பு. இடையில் நிலைக்குழுவுக்கு அனுப்பினால், பாதிக்கப்பட்டவர்களையும் விவரம் தெரிந்தவர்களையும் அழைத்துக் கேட்பார்கள். 15ஆவது மக்களவைக் காலத்தில் பத்துக்கு ஏழு மசோதாக்கள் இப்படிக் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது சுமார் ஆறில் ஒன்றாகிவிட்டது.

இந்த மசோதாவில் கேட்க எவ்வளவோ இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை மக்கள் இழக்கிறார்கள் என்கிறது அரசின் மதிப்பீடு. எப்படிக் கணக்கிட்டார்கள்? வெளிநாட்டிலிருந்து நடத்தும் செயலிகளை எப்படிப் பிடிப்பார்கள்? பெங்களூரில் இந்த நிறுவனங்களில் சம்பளம் வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? திறமை ஆட்டம் எது, சூதாட்டம் எது என்ற வழக்கு பழையது. கர்நாடக அரசு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்ததே இந்தக் கேள்வியில்தான். தமிழ்நாட்டிலும் 2021இல் ஒரு சட்டம் நீதிமன்றத்தில் விழுந்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்து, 2022 அக்டோபரில் மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றினார்கள். இரண்டு மாநிலங்கள் பட்ட பாட்டைப் பற்றி டெல்லியில் ஒரு மணி நேரம்கூடப் பேச முடியாதா? எதிர்பார்த்தபடியே புதிய சட்டத்தை எதிர்த்து வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

எனக்கு அதிக வருத்தம் தருவது அவைக்குறிப்புதான். அவையில் பேசுவது முழுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்பது மக்களவை விதி. சுருக்கெழுத்து நிருபர்கள் சில நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவைத்தலைவர் நீக்கச் சொன்ன சொற்களின் இடத்தில் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். தமிழில் பேசினால், ‘தமிழில் ஆற்றிய உரை’ என்ற அடிக்குறிப்போடு ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிடுகிறார்கள். தமிழ் மூலமும் அச்சாக வேண்டும் என்பது என் தீராத ஆசை. இவ்வளவு கவனமாகப் பதிவு செய்யும் ஏட்டில், ஒரு சட்டம் பிறந்த நாளில் ‘குறுக்கீடுகள்’ என்ற சொல்தான் மிஞ்சுகிறது. ஏன் முழுத் தடை, ஏன் கட்டுப்பாடு மட்டும் போதாது என்று நாளைக்கு ஒரு மாணவரோ நீதிபதியோ தேடினால் அமைச்சரின் சிறு உரைக்கு மேல் என்ன கிடைக்கும்?

அரசியல் நிர்ணய சபையைப் பாருங்கள். 7,635 திருத்தங்கள் வந்தன, அவற்றில் 2,473 அவையில் முன்வைக்கப்பட்டன என்று அம்பேத்கர் கணக்குச் சொன்னார். எந்த வரி எப்படி உருவானது, யார் மறுத்தார்கள், என்ன பதில் வந்தது என்று இன்றைக்கும் பக்கம் புரட்டிப் படிக்கலாம்.

அரசை மட்டும் குறை சொல்லி விட மாட்டேன். அந்த ஆகஸ்டில் எதிர்க்கட்சிகள் பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகக் குரல் எழுப்பின. நியாயமான விஷயம்தான். ஆனாலும் குடும்பங்களை அழித்த ஒரு தொழிலைப் பற்றிய மசோதா வரும்போது இருக்கையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அரசோ, கூச்சல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று கண்டுகொண்டது. 2021 நவம்பர் 29 அன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் விவாதமின்றித்தான். ஒரு வருடம் சாலையில் கிடந்த விவசாயிகளைப் பற்றி அவை ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். 2023 டிசம்பரில் 146 உறுப்பினர்களை சஸ்பெண்ட் செய்த அதே தொடரில் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. ஸ்ரீராம்புரம் போலீஸ் ஸ்டேஷனில் இன்று எஃப்ஐஆர் எழுதுவது அந்தச் சட்டங்களின்படிதான்.

நம் பேட்டை பெங்களூரு மத்திய மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், சாக்கடை, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: அறிமுகமான அன்றே எந்த மசோதாவையும் நிறைவேற்ற விடமாட்டேன் என்று அவையில் எழுந்து சொல்வீர்களா?