பெட்டி அதேதான், தோட்டா?

நேற்று வித்துராவிலிருந்து அக்கா மகள் போன். வட்டியூர்க்காவு ரேஞ்சில் ரைஃபிள் பயிற்சி எடுப்பவள்.

"மாமா, ஆர்.டபிள்யூ.எஸ்., நார்மா ரெண்டும் 2022-லேயே பெரெட்டா கைக்குப் போயிடுச்சாமே?"

ஆமாம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆலை இருக்கும் ஃபூர்த் இங்கே எனக்குப் பக்கத்து ஊர்தான்.

கம்பெனி கைமாறினால் 'பெயர் மாறாது' என்பார்கள். பெயரா சுடுகிறது? பாயிண்ட் 22 தோட்டாவில் ஒவ்வொரு லாட்டும் ஒரு ரகம். தன் குழலுக்கு ஒத்துப்போகும் லாட்டைச் சுட்டுப் பார்த்துப் பொறுக்குகிறவர்களுக்கு, மெஷின் இடம் மாறினாலே வயிற்றில் புளி கரைக்கும்.

ஃபியோக்கியின் பெரும்பங்கை 2022-இல் எடுத்த செக் நாட்டு சி.எஸ்.ஜி., 2024-இல் ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன் தோட்டாக்களையும் வாங்கிவிட்டது. ராணுவ ஆர்டர் குவிகிற நேரத்தில் விளையாட்டுத் தோட்டாவுக்கு எத்தனை மெஷின் ஒதுக்குவார்களாம்? (கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள்!)

"ஒத்துப்போன லாட்டை இப்பவே நிறைய வாங்கி வை" என்றேன்.

"லைசென்ஸ்ல அளவு இருக்கே, மாமா" என்றாள்.