குற்றவாளி லினக்ஸா?



நம் கம்ப்யூட்டர் லேபின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறதே, அதுதான் நம் பள்ளி சர்வர். ஒரு கம்பெனி பயன்படுத்திவிட்டு நமக்குக் கொடுத்தது. லினக்ஸில் ஓடுகிறது. நம் எல்லோருடைய புராஜெக்ட்டும் அதில்தான் இருக்கிறது.

போன டெர்மில் அது வாரத்துக்கு மூன்று தடவை அப்படியே நின்றுபோனது. "ஓசியில கிடைக்கிற லினக்ஸ் அப்படித்தான்டா இருக்கும்" என்றான் ஒருவன். "பழைய இரும்புக்குப் போடுங்கப்பா" என்றான் இன்னொருவன். நானும் சும்மா இருக்கவில்லை. பெரிய ஆள் மாதிரி, சாரிடம் கேட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக ஏற்றினேன். காப்பி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்புத் தம்பி தங்கைகள் ஒரு மாதமாக வரைந்த படங்கள் போயே போச்சு. இரண்டாம் நாளே சர்வர் மறுபடியும் நின்றது!

அப்போதுதான் சார் கேட்டார்: "புதுசா ஏத்தியும் அதே கோளாறுன்னா, தப்பு எங்கப்பா இருக்கும்?"

லாக் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஈ.டி.ஏ.சி. என்று தொடங்கும் வரிகள் நிறைய இருந்தன. அது ராம் பிழைகளைப் பற்றி லினக்ஸ் எழுதி வைக்கும் குறிப்பு. சர்வர்களில் இருக்கும் ஈ.சி.சி. ராம், ஒரு பிட் தவறினால் தானே திருத்திவிடும். இரண்டு பிட் தவறினால் கண்டுபிடிக்கத்தான் முடியும், திருத்த முடியாது. அப்போது மெஷின் நின்றுவிடும். அதாவது, நாம் திட்டிய லினக்ஸ்தான் உண்மையை எழுதி எழுதி வைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தூசி தட்டி, ராமின் கால்களை ரப்பரால் துடைத்து மாட்டினோம். பிழை போகவில்லை. பிழை காட்டிய ராமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினோம். பிழையும் அதன் கூடவே போனது. ஆக, ஸ்லாட் நல்லது, ராம்தான் கெட்டது. அதையும் அதன் ஜோடியையும் எடுத்துவிட்டோம். 4 ஜி.பி. இருந்தது 2 ஜி.பி. ஆனது. கோப்புகள் வைக்க அது போதும். இன்றோடு 23 நாள், ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாமும் அப்படித்தான். காரணம் தெரியாவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற யார் மீதாவது பழியைப் போட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டுமா?

என் கருத்து இதுதான். முதலில் காப்பி எடுங்கள். பிறகு லாக்கைப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாக மாற்றினால், எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். பழைய மெஷினுக்கும் ஆயுள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிப் போயிருந்தால் விடை கொடுத்துத்தான் ஆகணும். ஆனால் பரிசோதிக்காமல் தூக்கிப் போடுவது நியாயமில்லை.

ஒன்பதாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, இந்த அண்ணனை மன்னித்துவிடுங்கள். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் கோப்புகளைக் காப்பி எடுத்து வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு மாணவன்