இஸ்கூல் என்று சொன்னவள்

‘தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசு’ என்று சொல்கிறவர்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசிப் பழக ஆசைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அவள் வாயைத் திறந்த மறுநொடி அவளுடைய ஊரும் பள்ளிக்கூடமும் அப்பாவின் தொழிலும் அங்கே விசாரிக்கப்பட்டுவிடுகின்றன. தப்பாகப் பேசினால் ‘பட்டிக்காடு’. தப்பில்லாமல் பேசிவிட்டால் ‘பீட்டர் விடுறா’. இதே பீட்டர் பட்டம் பையன்களுக்கும் உண்டுதான். ஆனால் அவனுக்கு அது இரண்டு நாள் கிண்டல். அவளுக்கோ திமிர், அடக்கமின்மை, கையை மீறிப் போய்விட்டாள் என்று கல்யாணப் பேச்சு வரைக்கும் நீளும்.

நம் மொழியில் திருத்துவது என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. விடைத்தாளைத் திருத்துகிறோம், ஆளையும் திருத்துகிறோம். ‘அவ திருந்தவே மாட்டா’ என்று பெண்களைப் பற்றிச் சொல்லும்போது எந்தத் திருத்தம் உத்தேசம் என்பது நமக்குப் புரியும். ஆங்கிலம் பேசிப் பழகும் பெண் கேட்பது முதல் வகைத் திருத்தம். அவள் கையில் கொடுக்கப்படுவது இரண்டாவது. இந்தக் கட்டுரையின் சண்டை இதைப் பற்றியதுதான்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் நடத்துகிறவள். பகுதி ஒன்று தமிழ் என்பதால் வேதியியல், வணிகவியல், கணினி அறிவியல் என்று எல்லாத் துறைப் பெண்களும் என் வகுப்புக்கு வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, கட்டுரைகளை நெட்டுருப் போட்டு எழுதி, தேறி வந்தவர்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் அவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்ததில்லை. அண்ணனோ தம்பியோ மெட்ரிக் பள்ளிக்குப் போக, இவர்கள் அரசுப் பள்ளிக்கு நடந்து போன வீடுகளும் அதில் கணிசம். (அரசுப் பள்ளியைக் குறை சொல்லவில்லை, நானும் அங்கிருந்துதான் வந்தேன். கட்டணம் கட்டுவதென்றால் யாருக்குக் கட்டினார்கள் என்பதைச் சொல்கிறேன்.)

மூன்றாம் ஆண்டில் திடீரென்று ‘கம்யூனிகேஷன்’ வந்து நிற்கும். வேலைவாய்ப்புப் பயிற்சி, மாதிரி நேர்காணல், கோட் போட்ட பயிற்சியாளர். முடிவில் ஒரு தாள் தருவார்கள், அதற்குப் பெயர் ஃபீட்பேக். என் மாணவி ஒருத்தி, வேதியியல் படித்தவள், அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். உடை, உடல்மொழி, தன்னம்பிக்கை, குரல் என்று கட்டங்கள். குரல் என்ற கட்டத்தில் ‘ஷ்ரில்’ என்று எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில் ‘ஹெவி எம்.டி.ஐ.’ அவள் கேட்டாள்: “எம்.டி.ஐ.ன்னா என்னங்கம்மா?”

மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். தாய்மொழியின் தாக்கம். கால்சென்டர் பயிற்சி அறைகளில் புழங்கிப் பழகிய சொல், கல்லூரிக்குள்ளும் வந்துவிட்டது. ‘ஹெவி’ சேர்த்து வாசித்துப் பாருங்கள், ஏதோ சளி முற்றியது போல இருக்கும். தாய்மொழி இருப்பது ஒரு நோய்க்குறி, அதைக் களைந்துவிட்டு வா என்று ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் எந்த வாக்கியத்தில் சறுக்கினாள், எந்தச் சொல் புரியவில்லை, அதை எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. சாதி என்றொரு கட்டம் அதில் இல்லை. தேவையும் இல்லை, கடைசிக் கட்டமே அந்த வேலையையும் பார்த்துவிடும். சென்னையின் பழைய ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் தாய்மொழி உண்டு, அதன் தாக்கமும் உண்டு. அதை யாரும் அந்தக் கட்டத்தில் எழுதுவதில்லை.

கண்ணகி வழக்குரைத்த பாடத்தில் என்னோடு அரைமணி நேரம் வாதம் செய்த பெண் அவள். தாள் வாங்கிய வாரத்திலிருந்து தமிழ் வகுப்பிலும் பேச்சு நின்றுபோனது. அடுத்த நேர்காணலுக்கு அவள் போகவில்லை. “எனக்குப் பேச வராதுங்கம்மா” என்றாள். ஆங்கிலம் பேச வராது என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவள் செய்த ‘குற்றங்கள்’ என்ன? ‘இஸ்கூல்’ என்றாள். ‘யெக்ஸாம்’ என்றாள். ‘ஃபர்ஸ்ட்’ அவள் வாயில் ‘பர்ஸ்ட்’ ஆனது. இலக்கணம் படித்தவளாக இதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதில்லை. ரகரம், லகரம், யகரம் முதலில் வரும் வடசொற்களைத் தமிழில் எழுதும்போது முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நன்னூல் விதியே வகுத்திருக்கிறது. அப்படித்தான் ராமன் இராமன் ஆனான், லோகம் உலோகம் ஆனது, லக்ஷ்மணன் கம்பன் கையில் இலக்குவன் ஆனான். அதைத் தமிழ் மரபு என்று மேடையில் புகழ்கிறோம். அதே வாய்ப்பழக்கத்தில் ஒரு பெண் ‘ஸ்கூலுக்கு’ முன்னால் இகரம் சேர்த்தால் கைகொட்டிச் சிரிக்கிறோம். தினமும் காலையில் ‘காப்பி’ குடிக்கிறவர்கள் ‘பர்ஸ்ட்’ என்பதற்கு முகம் சுளிக்கிறார்கள். ‘எலி’யை நாம் எல்லோருமே பேச்சில் ‘யெலி’ என்றுதான் சொல்கிறோம், அந்த யகரம் ‘எக்ஸாமு’க்கும் போய் ஒட்டிக்கொள்கிறது. இது அறியாமை இல்லை. அவள் காது ஓர் ஒலியமைப்பை முழுமையாகக் கற்றிருக்கிறது என்பதற்குச் சான்று. இதை அவளிடம் சொல்லிவிட்டு, ‘இப்போது ஸகரத்தை இகரம் இல்லாமல் தொடங்கிப் பார்’ என்று சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சிரிப்பதற்கு அதைவிடக் குறைந்த நேரம் ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திருத்தமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ‘குழந்தைபோல் கேட்டுக் கேட்டுத் தானாக வரும்’ என்ற சமாதானத்திலும் எனக்கு நம்பிக்கையில்லை. குழந்தைக்கு நாள் முழுக்கப் பேச ஆளிருக்கிறது, இவளுக்கு யார் இருக்கிறார்கள்? 1997இல் ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற இருவர் கனடாவில் பிரெஞ்சு கற்கும் சிறுவர் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் அங்கே மிக அதிகம் நடந்தது. மாணவர்கள் மிகக் குறைவாகக் கண்டுகொண்டதும் அந்த வகையைத்தான். ‘எங்கே, அதை எப்படிச் சொல்வோம்?’ என்று திருப்பிக் கேட்டபோதுதான் அவர்கள் தாமே யோசித்துப் பதில் சொன்னார்கள். அதாவது திருத்தம் பலிக்க வேண்டுமானால், பேச்சு மறுபடியும் கற்கிறவள் வாய்க்கே போக வேண்டும். நம் வீட்டிலும் கல்லூரியிலும் திருத்துகிறவர் பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறார், திருப்பிக் கொடுப்பதில்லை.

போனி நார்ட்டன் என்ற ஆய்வாளர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஐந்து பெண்கள் ஆங்கிலம் கற்ற அனுபவத்தை 1990களில் எழுதினார். அதில் மார்ட்டினா என்று பெயர் மாற்றிக் குறிப்பிடப்படும் ஒருவர், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மூன்று பிள்ளைகளின் தாய். ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டவர். வீட்டுக்காரர் குத்தகை விஷயத்தில் அநியாயம் பேசியபோது, தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அவரோடு வாதாடினார். இறந்தகாலமா நிகழ்காலமா என்ற யோசனையே அப்போது அவருக்கு வரவில்லை. நார்ட்டன் கேட்ட கேள்வி எனக்கு முக்கியம்: கற்பவளுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், அவளுக்குப் பேசும் உரிமையைக் கொடுத்தது யார், அவள் பேச்சைக் கேட்கத் தகுந்ததாக மதித்தது யார் என்று ஏன் கேட்பதில்லை? ‘கான்ஃபிடென்ஸ் பத்தாது’ என்று தாளில் எழுதுகிறவர்கள் அதைப் பறித்தவர்கள் யார் என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் வைக்கட்டும்.

வீட்டுக்குள் வருவோம். ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ 2012இல் வந்த படம், கௌரி ஷிண்டே இயக்கியது. ஸ்ரீதேவி நடித்த அந்த அம்மா ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்க, கணவனும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். திரையரங்கில் என் பக்கத்து இருக்கைப் பெண்கள் அழுததைப் பார்த்தேன். எனக்குப் படத்தில் ஒரு குறை உண்டு. லட்டு விற்றுச் சொந்தமாகச் சம்பாதிக்கும் ஒரு பெண், சிரிப்பில்லாத வகுப்பறை ஒன்றுக்காக நியூயார்க் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறவர்கள் எல்லோரும் அவளைப் போலவே தடுமாறுகிற அந்நியர்கள். வீட்டில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. நம் பெண்களுக்கு விமானச் சீட்டு கிடையாது. ‘நான் சொல்லித் தர்றேன்’ என்று உட்காரும் கணவனிடமே பழக வேண்டும். பத்து நிமிடத்தில் ஆங்கிலப் பாடம் மறைந்து, ‘இது கூடத் தெரியாதா, என்னத்தப் படிச்ச?’ என்பதில் முடியும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ‘அம்மா, நீ பேசாத, அப்பாவ பேசச் சொல்லு’ என்று பிள்ளையும் சொல்லும். பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதை அது வீட்டில்தான் கற்கிறது.

கைப்பேசிச் செயலிகளைச் சொல்வார்கள். முகம் தெரியாத யாரோடாவது ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம், கூச்சம் போகும் என்று. முயன்ற மாணவிகளைக் கேட்டேன். இரண்டாவது வாக்கியத்தில் வயது, மூன்றாவதில் புகைப்படம், ‘யுவர் வாய்ஸ் இஸ் ஸ்வீட்’. இதுவும் ஒரு ஃபீட்பேக்தான்!

இனி என் சொந்தத் துறைக்காரர்கள். ‘தமிழ்ப் பேராசிரியரே இங்கிலீஷுக்கு வக்காலத்து வாங்கலாமா?’ ஐயா, உங்கள் பேரன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறான். தமிழைக் காக்கும் பொறுப்பு மட்டும் என் மாணவியின் தலையில் ஏன்? 1968இல் இந்த மாநிலம் தமிழும் ஆங்கிலமும் என்று இருமொழிக் கொள்கையை ஏற்றது. அதில் இரண்டாவது மொழி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதவில்லை. சாவித்திரிபாய் ஃபுலே 1854இலேயே தன் கவிதைத் தொகுப்பில், ஒடுக்கப்பட்டவர்களை ஆங்கிலம் கற்கச் சொல்லிப் பாடினார். அவர் மராத்தியை விட்டுவிடவில்லை, அதைச் சொல்லிய கவிதையே மராத்தியில்தான் இருக்கிறது. தமிழில் நன்றாகப் பேசத் தெரிந்த பெண்ணிடம், இன்னொரு மொழியிலும் அப்படியே நிமிர்ந்து பேசு என்று சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. எம்.டி.ஐ. என்று எழுதிய பயிற்சியாளருக்கும், ஆங்கிலம் உனக்கு எதற்கு என்று கேட்கும் புலவருக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இருவரும் அவளை வாயை மூடச் சொல்கிறார்கள்.

எங்கள் கல்லூரி நூலகத்தின் பின்னறையில் புதன்கிழமை மதியம் ஐந்து பெண்கள் ஆங்கிலம் பேசுகிறோம். கணிதம் நடத்தும் தோழி கான்வென்ட் படிப்பு, சரளமாகப் பேசுவாள். மற்ற நால்வர் நான், விலங்கியலில் ஒருவர், நூலக உதவியாளர், லேப் அட்டெண்டராக இருக்கும் அக்கா. ஆரம்பத்தில் கணிதக்காரி ஒவ்வொரு சொல்லுக்கும் குறுக்கே வந்தாள். நல்லெண்ணம்தான். மூன்றாவது வாரம் அக்கா சொன்னார்: “நடுவுல சொல்லாதீங்க மேம். என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோவுது. முடிச்சப்புறம் நானே கேக்குறேன்.” எங்களுக்கு அதுவே சட்டமானது. பேசுகிறவள் முடிக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. எதைத் திருத்த வேண்டும் என்பதை அவளே சொல்வாள். இன்றைக்கு வினைச்சொல் மட்டும், இன்றைக்கு உச்சரிப்பு மட்டும் என்று. மூன்று திருத்தத்துக்கு மேல் கிடையாது. திருத்தியதை அவள் மறுபடி தன் வாயால் சொல்லாமல் அடுத்த ஆளுக்குப் போவதில்லை. குரல், உடை, ஊர் மூன்றையும் பற்றிக் கருத்துச் சொன்னால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். விலங்கியல் தோழிக்கு மூன்று போதாது, எல்லாவற்றையும் திருத்துங்கள் என்று இன்னும் எங்களோடு சண்டை போடுகிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

அக்காவுக்கு இப்போது ஒரு காரியம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் ஏதோ கட்டணம் இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள். புது அதிகாரி வெளிமாநிலக்காரர், தமிழ் தெரியாது. (அவர் தமிழ் கற்க வேண்டும் என்பது வேறு சண்டை, அதையும் போடுவோம்.) பாஸ்புக்கை மேசையில் வைத்து, எங்களில் ஒருத்தியை அதிகாரியாக்கி, “சார், ஒய் யூ கட் டூ டைம்ஸ்?” என்றார். கணிதக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தேதி சொன்னார், தொகை சொன்னார், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஒய் யூ கட்டா, வேற ஏதாச்சும் நடுவுல வரணுமா?” என்றார்.

“என்ன வரும்னு நினைக்கிறீங்க?”

“டிட்?”

“ஆமா.”

பாஸ்புக்கை மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறந்தார்.